தேதி நகர்ந்ததா?

அப்பா மாதத்துக்கு மூன்று கேள்விகள் கேட்பார். பட்டியல் வெளியாகும் வாரத்தில் "வந்துச்சா?" என்பார். வந்துவிட்டது என்றால் "நகர்ந்துச்சா?" என்பார். அதற்கு நான் உதட்டைப் பிதுக்கினால், சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் எவ்வளவு நாள் ஆகும்னு நெனைக்கிற?" என்பார். முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் உண்டு. மூன்றாவதற்கு நானாக ஏதாவது சொல்வேன். "அடுத்த வருஷக் கடைசியில ஆயிடும்பா." இதை எத்தனை வருடங்கள் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

எல்லாம் அத்தையிடமிருந்து ஆரம்பித்தது. அப்பாவின் அக்கா. நர்ஸாக அமெரிக்கா போய், அங்கேயே குடியுரிமையும் வாங்கி, தன் ஒரே தம்பியையும் அவர் குடும்பத்தையும் அழைத்துக்கொள்ள மனுப் போட்டார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. குடும்பம் என்றால் அப்பா, அம்மா, நான், மூன்று பேர்தான். கூடப் பிறந்தவர்களுக்கான வரிசை மிக நீளம். மாதம் ஒரு முறை அந்த அரசு ஒரு பட்டியல் போடும். அதில் எங்கள் பிரிவுக்கு நேராக ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு முன்னால் மனுப் போட்டவர்களைக் கூப்பிடுவார்கள். அந்தத் தேதி நகர்ந்து நகர்ந்து நாங்கள் மனுப் போட்ட தேதியைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

பிரேசர் டவுனில் மசூதி ரோட்டுக்குப் பின்னால் எங்கள் வாடகை வீடு. அதில் நாங்கள் அடுத்த வாரம் காலி செய்யப்போகிறவர்களைப் போல வாழ்ந்தோம். சோபா கிழிந்தபோது அம்மா மேலே ஒரு பெட்ஷீட்டை விரித்தாள். "போறவங்களுக்கு எதுக்குப் புது சோபா?" பியூசியில் நான் என்ன பிரிவு எடுப்பது என்பதுகூட, அங்கே எது செல்லும் என்று அத்தையிடம் ஃபோனில் கேட்டு முடிவானது. பத்தாம் வகுப்பு முடிந்த அன்று என் தோழி ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், இனி எங்கே பார்ப்போம் என்று. அதற்கப்புறம் அவளுக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, துபாய்க்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டாள். நான் அதே தெருவில் அவளுக்குக் கை காட்டினேன்.

படிப்பு முடிந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் எனக்கு வேலை கிடைத்தது. ஊரின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் கம்பெனி வண்டியில் போய் வருவதிலேயே உடம்பு பாதி தீர்ந்துவிடும். அந்த நாட்களில்தான் கோலார் தங்கவயலிலிருந்து ஒரு குடும்பம் பெண் கேட்டு வந்தது. எங்கள் சபையில் ஒருவர் சொல்லி வந்தவர்கள். பையனுக்கு ரயில்வேயில் வேலை. இரண்டு முறை வீட்டுக்கு வந்தான். நிதானமாகச் சாப்பிட்டான். நான் என்ன புத்தகம் படிப்பேன், எங்கே போகப் பிடிக்கும் என்றெல்லாம் கேட்டு, பதிலை முழுவதும் கேட்டான். எனக்கு அவன்மேல் பெரிய ஆசை ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் மூன்றாம் முறை எப்போது வருவான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அவர்களிடம் சொன்னார்: "இப்போ கல்யாணம் பண்ணா இவ பேரு கேஸ்ல இருந்து போயிடுங்க. கல்யாணம் ஆகாத பிள்ளைங்களுக்குத்தான் விசா. ஒரு வருஷம் பொறுத்துக்குங்க, கூப்பிட்டுடுவாங்க."

அவர்களும் பொறுத்தார்கள். பிறகு வேறு இடத்தில் முடித்துவிட்டதாக, மரியாதையாகவே, சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பின் வந்த இன்னொரு வரனுக்கும் அப்பா அதையே சொன்னார். அந்தக் குடும்பம் பொறுக்கவில்லை.

உண்மை எனக்கு சில்க் போர்டு சந்திப்பில் தெரிந்தது. வண்டி நகராமல் நின்றிருந்தது. எங்களைப் போலக் காத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளும் இணையப் பக்கம் ஒன்றை ஃபோனில் படித்துக்கொண்டிருந்தேன். குஜராத் பக்கத்து மனிதர் ஒருவர், வயது தாண்டிப் போனதால் தன் மகளை விட்டுவிட்டுப் போகிறோம் என்று எழுதியிருந்தார். என்ன வயது என்று தேடினேன். இருபத்தொன்று. கல்யாணம் ஆகாமல் இருந்தால் மட்டும் போதாது, வயதும் தாண்டியிருக்கக் கூடாது. மனு அலுவலகத்தில் கிடந்த காலத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ள ஒரு விதி இருந்தது. அதைக் கழித்துப் பார்த்தேன். எப்படிக் கழித்தாலும் நான் வெளியேதான் இருந்தேன். தங்கவயல்காரர்கள் எங்கள் வீட்டுப் படியேறும் முன்பே என் இடம் போய்விட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோவிலுக்குப் போய்வந்த பிறகு வீட்டில் சொன்னேன். அம்மா அடுப்படியில் கறிக்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, என் பேரு கேஸ்ல இல்ல."

"யாரு எடுத்தாங்க?"

"யாரும் எடுக்கல. இருபத்தொண்ணு தாண்டினா தானா போயிடுமாம்."

"கல்யாணம் ஆகலைன்னா இருக்கும்னுதானே சொன்னாங்க?"

"ரெண்டும் வேணும்பா. கல்யாணமும் ஆகியிருக்கக் கூடாது, வயசும் தாண்டியிருக்கக் கூடாது."

அம்மா கரண்டியை நிறுத்தினாள். "அப்போ அந்தப் பையன்..." என்று ஆரம்பித்தவள் அடுப்பைத் தணித்தாள். அப்பா கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தார். பிறகு எழுந்து, "நாங்க ரெண்டு பேரு மட்டும் அங்க போயி என்னா பண்றது? விட்டுடு. இனிமே பாக்காத" என்றார்.

நான் கோபப்பட்டிருக்கலாம். ஆனால் அவர் அன்று மாலை கோல்ஸ் பார்க்குக்குத் தனியாக நடந்துபோய், இருட்டிய பிறகும் வராமல் போக, அம்மா என்னை அனுப்பித் தேடவைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி வந்தோம். அடுத்த மாதம் பட்டியல் வரும் வாரத்தில், செய்தித்தாளை மடித்துக்கொண்டே, "வந்துச்சா?" என்றார்.

அதனால் நான் தொடர்ந்து பார்த்தேன். கடவுச்சொல் என்னிடம், மின்னஞ்சல் என்னுடையது, வேறு யார் பார்ப்பது? சில மாதங்களில் தேதி ஒரு வாரம் நகரும். சில மாதங்களில் மூச்சே விடாது. ஒரு முறை பின்னால் போய்விட்டது. அப்பாவால் அதை ஏற்கவே முடியவில்லை. "தேதி எப்படிம்மா பின்னால போகும்? கிழிச்ச காலண்டரை யாராவது திரும்ப ஒட்டுவாங்களா?" இணையப் பக்கங்களில் ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். கடந்த வருடங்களின் நகர்வை வைத்து ஒருவர் கோடு வரைந்து காட்டுவார். இன்னொருவர் அது தப்பு என்று வேறு கோடு போடுவார். நானும் கோடு போட்டேன். அந்தக் கோட்டின் முனையில் ஒரு வருடம் வரும், அதை அப்பாவிடம் சொல்வேன், அந்த வருடம் வரும்போது கோடு இன்னும் தள்ளிப் போயிருக்கும். கடைசியில் நான் கணக்குப் போடுவதையே விட்டுவிட்டேன். அப்பாவின் முகத்தைப் பார்த்து, அன்றைக்கு அவருக்கு எவ்வளவு தேவை என்று தோன்றுகிறதோ அதைச் சொன்னேன்.

தமிழ் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது, "என்னா சார், இன்னும் கிளம்பலையா?" என்று சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். பிறகு காலை இங்கிலீஷ் ஆராதனைக்கு மாறிக்கொண்டார். அம்மாவுக்கு அங்கே பாட்டு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் கூடவே போனாள்.

இதற்குள் அத்தையின் நிலைமை மாறிவிட்டது. மாமா இறந்துபோனார். மகன் வேறு ஊரில். குளியலறையில் விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு அத்தையால் தனியாக வெளியே போக முடியவில்லை. தம்பியை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்று மனுப் போட்டவர், இப்போது ஃபோனில், "தம்பி, எப்படியாவது வந்துடுடா. தமிழ்ல பேசி ஒரு வாரம் ஆவுது" என்றார். அப்பா பேசி முடித்த பிறகும் வெகுநேரம் ஃபோனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் கேட்ட விதம் வேறு. எங்களுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அக்காவுக்காகக் கேட்க ஆரம்பித்தார்.

தேதி ஒரு நாள் வந்தேவிட்டது. அலுவலகத்தில் இருக்கும்போது பார்த்தேன். எங்கள் தேதியைத் தாண்டி நின்றது. சத்தம் போடவோ யாரையாவது கூப்பிடவோ தோன்றவில்லை. மெஷினில் ஒரு காபி பிடித்துக் குடித்துவிட்டு, பாதியில் விட்ட வேலையை முடித்தேன். சாயங்காலம் வீட்டில் சொன்னபோது அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். "சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சட்டையெல்லாம் ரொம்பப் பழசா இருக்கே" என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் காகிதங்கள். அப்பாவின் ஞானஸ்நானச் சான்றில் ஒரு எழுத்துக்கூட்டல், பாஸ்போர்ட்டில் வேறொன்று. ஒன்றை அனுப்பினால் வாரக்கணக்கில் 'பரிசீலனையில்' என்று காட்டும், பிறகு வேறொன்று கேட்பார்கள். நன்னடத்தைச் சான்றுக்காக வீட்டுக்கு வந்த போலீஸ்காரர் அப்பாவை மேலும் கீழும் பார்த்து, "ஈ வயசல்லி யாக்கே சார், அமெரிக்கா?" என்று கன்னடத்தில் கேட்டார், இந்த வயதில் எதற்கு என்று. அப்பாவும் கன்னடத்திலேயே, "அக்கா ஒப்பளே இத்தாளே" என்றார். அக்கா தனியாக இருக்கிறாள். மும்பையில் நடந்த விசா நேர்காணலிலும் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார்களாம். இதையேதான் சொன்னேன் என்றார். அப்பாவும் அம்மாவும் உள்ளே போயிருந்த நேரமெல்லாம் நான் எதிர் நடைபாதையில் மூன்று பேருடைய பைகளையும் ஃபோன்களையும் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தபோது அம்மாவின் முகத்தைப் பார்த்து, கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கிடைத்துவிட்டது.

கிளம்பும் நாள் விமான நிலையத்தில் அம்மா என் சுடிதார்க் கழுத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். "மீன்காரன் வந்தா வஞ்சிரம் மட்டும் வாங்கு, வேற எதையும் நம்பாத" என்றாள். அப்பா என் தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். பாதியில் நிறுத்திப் பையைக் கையில் எடுத்தார். நான் ஆமென் சொன்னேன்.

அவர்கள் போய்ச் சில வாரங்கள் கழித்து அப்பா வீடியோவில் கூப்பிட்டார். முகத்தில் புதுத் தெளிவு.

"இங்க சர்ச்சுல ஒருத்தர் சொன்னாரு பாப்பா. நான் உனக்கு ஃபைல் பண்ணலாமாம். மகளுக்கு அப்பா பண்ணலாமாம்."

"எவ்வளவு நாள் ஆகுமாம்?"

"அதை நீதான் பாத்துச் சொல்லணும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் தயங்கி, "கல்யாணம் மட்டும் ஆகாம இருக்கணுமாம்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே பட்டது. திரையில் அவர் கண்கள் கீழே போயின.

"வேண்டாம்பா," என்றேன். "நான் கல்யாணம் பண்ணிக்கிறேனோ இல்லையோ, இன்னொரு தடவை அந்த ஆபீஸைக் கேட்டுக்கிட்டு இருக்க என்னால முடியாது. எனக்கு டயர்டா இருக்குப்பா."

"சரிம்மா," என்றார். "சாப்டியா?"

அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முதல் குளிர்காலத்திலேயே அம்மா திரும்பி வந்துவிட்டாள். முழங்கால் அந்தக் குளிரைத் தாங்கவில்லை என்பது ஒரு காரணம். "ஜன்னலைத் திறந்தா ஒரு மனுஷ சத்தம் இல்ல" என்பது இன்னொன்று. நான் இங்கே தனியாக இருப்பதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. வந்த மறுநாளே என் அலமாரியை முழுவதும் காலி செய்து திரும்ப அடுக்கினாள். அப்பா அத்தையோடு அங்கே இருக்கிறார். மருந்து கொடுக்கிறார், சமைக்கிறார், சாயங்காலம் இரண்டு பேரும் பழைய பாட்டுப் புத்தகத்தை வைத்துப் பாடுகிறார்களாம். "அக்கா நல்லா தேறியிருக்கா" என்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருக்கும் நிம்மதியை நான் இங்கே எத்தனையோ வருடங்களாகக் கேட்டதில்லை. அதனால் அந்தக் கேஸ் வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மாவின் கிரீன் கார்டுதான் இப்போது சிக்கல். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் திரும்பப் போகும்போது கேள்வி வரும் என்று படித்தேன். ஒன்று அதற்குள் அவள் போக வேண்டும், அல்லது கார்டே வேண்டாம் என்று நாங்களே எழுதிக் கொடுத்துவிடலாம். அம்மாவிடம் கேட்டேன்.

"உங்க அப்பாவைக் கேளு" என்றாள்.

அப்பாவிடம் கேட்டேன்.

"உங்க அம்மாவைக் கேளும்மா" என்றார். "அவளுக்கு எது வசதியோ அது."

இரண்டு பேருக்கும் ஒருவரிடம் ஒருவர் கேட்கப் பயம். அவர் வா என்றால் இவள் போக வேண்டியிருக்கும். இவள் வாருங்கள் என்றால் அவர் அக்காவை விட்டுவர வேண்டியிருக்கும். ஆகவே தினமும் காலையில் ஃபோனில் மழையைப் பற்றியும் பக்கத்து வீட்டு நாயைப் பற்றியும் பேசிக்கொள்கிறார்கள். நான் வேலைக்குக் கிளம்பியபடியே அதைக் கேட்கிறேன். அம்மா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு டிபன் கட்டுகிறாள். அந்தப் பக்கம் அப்பா இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செய்தார் என்று சொல்கிறார். கீழே வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. "போயிட்டு வரேன்பா" என்று ஃபோனைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படியிறங்குகிறேன்.