சீட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி

கென்யாவில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு ஆம்பூருக்கே திரும்பியபோது நடந்தது இது. இடம், சென்னைத் துறைமுகத்தை ஒட்டி, வெளிநாட்டுச் சரக்கைப் பிரித்துச் சோதிக்கும் ஒரு பெரிய கிடங்கு.

நான் தோல் பதனிடுகிறவன். அங்கேயும் அதே வேலைதான். திரும்பும்போது எங்கள் காரையும் கப்பலில் கொண்டு வருகிறோம் என்றதும் கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வரி கட்டுகிற காசில் இங்கேயே புது வண்டி எடுக்கலாமே என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் என் மனைவி அந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஆம்பூரில் சைக்கிள்கூடத் தொடாதவள், அங்கே மகளின் பள்ளிக்கூடம், மார்க்கெட், ஆஸ்பத்திரி என்று தனியாகவே போய் வந்தாள்.

“ஊருக்குப் போய்ட்டா என்னை யாருங்க ஸ்டியரிங் தொட விடுவாங்க? இந்த வண்டின்னா ஒருத்தரும் கேக்க முடியாது” என்றாள். மறுநாளே கப்பலில் ஏற்ற ஏற்பாடு செய்தேன்.

என் பெயரில் பதிவான வண்டி, ஸ்டியரிங்கும் வலது பக்கம். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு ஒரே ஒரு கவலைதான், சீட் உறை. நான் பதனிட்ட தோலில் ஆசை ஆசையாகத் தைத்தது. ஒரு மாதக் கடல் பயணத்தில் கன்டெய்னருக்குள் வேர்த்தால் தோலில் பூஞ்சை பிடித்துவிடும். எங்கள் தொழிலில் சரக்கு அனுப்பும்போது நடுவே ஈரத்தை உறிஞ்சும் பொடியைப் போட்டுத்தான் கட்டுவோம். அதே பழக்கத்தில் அந்தப் பொடியைக் கொண்டு வந்து மனைவியிடம் கொடுத்தேன். அவள் என் பழைய வேட்டியைக் கிழித்துச் சின்னச் சின்னப் பையாகத் தைத்துத் தந்தாள். சீட்டுக்கு அடியிலும் உறைக்குள்ளும் இடம் கண்ட இடத்தில் எல்லாம் செருகினேன்.

சென்னையில் பேப்பர் வேலைகளைப் பார்த்த ஏஜென்ட் போனில் கேட்டார், “வண்டிக்குள்ள வேற எதுவும் இல்லையே சார்?”

“ஒண்ணும் இல்ல” என்றேன். அப்படியே எழுதிய தாளில் கையெழுத்தும் போட்டேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே வரவில்லை. எங்களுக்கு அந்தப் பொடி ஒரு பொருளே இல்லை.

கிடங்கில் சோதனை போட வந்த சுங்க அதிகாரி ஒரு இளம்பெண். பின் சீட்டைத் தூக்கியதும் ஒரு பை வந்தது. பிறகு இன்னொன்று. பிரித்துப் பார்த்தார். வெள்ளைப் பொடி. அவர் என்னைப் பார்த்த பார்வையில்தான் நான் செய்து வைத்திருக்கும் காரியம் எனக்கே உறைத்தது.

“இன்னா சார், ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே?” என்று ஏஜென்ட் என் காதில் முணுமுணுத்தார். பூஞ்சை, ஈரம், வேர்வை என்று நான் உளற உளற அந்தப் பெண்ணின் முகம் இறுகிக்கொண்டே போனது.

“எத்தனை பை?” என்று கேட்டார்.

“பத்து பன்னெண்டு இருக்கும்” என்றேன்.

“இருபத்து நாலு மேடம். நான்தான் தைச்சேன்” என்றாள் பக்கத்தில் நின்ற என் மனைவி. எண்ணியபோது சரியாக இருபத்து நாலு இருந்தது.

மேலதிகாரி வந்தார். ரிட்டயர் ஆகிற வயது. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். “தோல் வேலைன்னு சொல்றீங்க. இது என்ன தோல், சொல்லுங்க பார்ப்போம். மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது.”

கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? நல்ல கன்றுத் தோல் என்று சொன்னால் மனுஷன் குளிர்ந்துபோவார். மனைவியைப் பார்த்தேன். ஏற்கெனவே ஒரு தாளில் தப்பாகக் கையெழுத்துப் போட்டது போதும் என்று நினைத்தேன்.

“சார், இது தோலே இல்லை. துணி மேல பூசின ரெக்சின்.”

ஏஜென்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “இப்ப சொன்ன மாதிரி அந்தப் பேப்பர்லயும் சொல்லி இருக்கலாமே. ஒரு வரி எழுத எவ்ளோ நேரம் ஆகியிருக்கும்?”

சிரித்தாரே தவிர, விதியை விடவில்லை. நடந்ததை முழுசாக எழுதி வாங்கிக்கொண்டு, பொடியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர நான்கு நாள் ஆனது. மெட்ராஸில் உறவினர் வீட்டில் தங்கினோம். “வண்டி போனா போவுது. உங்கள ஒண்ணும் சொல்லாம விட்டா போதும்” என்று மனைவி சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வண்டி அவளுக்கு என்ன என்று எனக்குத் தெரியும்.

பொடியில் தப்பில்லை என்று முடிவு வந்தது. வண்டியை விட்டார்கள். அன்றைக்கு அந்த இளம் அதிகாரி என் மனைவியிடம் வந்து, “நீங்க கணக்கைச் சரியா சொன்னீங்க பாருங்க, அப்பவே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துடுச்சு” என்றார். போகும்போது சீட்டைத் தடவிப் பார்த்து, “பூஞ்சை இல்லையே” என்று புன்னகைத்தார்.

இங்கே பதிவு முடிந்து நம்பர் வந்ததும், காட்பாடியில் படிக்கும் மகளைப் பார்க்க என் மனைவிதான் வண்டியை எடுத்தாள். ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே நிதானமாக ஓட்டினாள். நான் பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் வாரம் தவறாமல் போய் வருகிறாள். எந்தப் படிவத்திலும் ‘வேறு ஏதேனும் உண்டா’ என்ற வரி வந்தால் பேனாவை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். அடுத்தவர் பையைத் தொட்டதும் தோலா இல்லையா என்று சொல்லத் தெரிந்த எனக்கு, என் சொந்த வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாமல் போனதை நினைத்தால், சிரிப்போடு கொஞ்சம் வெட்கமும் சேர்ந்தேதான் வருகிறது.