கப்பல் ஏறினாளா, இல்லையா

நீடாமங்கலம் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய்தான் அந்த நாடகத்தை எங்கள் பக்கம் கொண்டுவந்தார். கும்பகோணம் காலேஜுக்குப் போகிற பஸ்ஸை நான் அவர் கடை வாசலில்தான் பிடிப்பேன். அன்று காலையில் அச்சாபீசிலிருந்து நோட்டீஸ் கட்டு வந்து இறங்கியிருந்தது. ரோஸ் தாள், நடுவில் ஒரு கப்பல் படம், மேலே ‘புத்தம் புதிய இசை நாடகம்’, கீழே ஒரு பழைய நாவலின் பெயர். பெயரைப் படித்ததும் கையிலிருந்த பையை அங்கேயே கீழே வைத்துவிட்டேன்.

“பாய், இதுல கடைசி வரைக்கும் உண்டா?”

“நாடகம்னா கடைசி வரைக்கும்தாம்மா. பாதியில நிறுத்தினா காசைத் திருப்பிக் கேப்பீங்கல்ல?”

என் கவலை அவருக்குப் புரியவில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

எங்கள் தெரு முழுக்க வயல் வேலை செய்கிறவர்கள். காலேஜ் படி ஏறிய முதல் பெண் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் அடிபம்புப் பக்கத்து வாகை நிழலில் உட்கார்ந்து, கிளை நூலகத்தில் எடுத்து வந்த கதைப் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பேன். குடம் நிரம்பியும் பெண்கள் நகர மாட்டார்கள். அப்படித்தான் இந்த நாவலையும் படித்தேன். வேதாரண்யம் பக்கத்து உப்பளம். உப்பு வாருகிறவருடைய மகள். துறைமுகத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. ஏறினால் அக்கரையில் படிப்பும் புது வாழ்க்கையும். ஏறாவிட்டால் நோயாளி அப்பா, தம்பிகள், உப்பு. அவள் மூட்டையோடு பலகைப் பாலத்தில் ஒரு காலை வைக்கிறாள். அதோடு சரி. நூலகப் பிரதியில் அதற்குமேல் பக்கங்களே இல்லை. யாரோ கிழித்திருந்தார்கள்.

“பண்ணை வீட்டு மருமவதான் இதை எடுத்துட்டுப் போயிருந்தா. அவதான் கிழிச்சிருப்பா” என்று தெருவில் முடிவு செய்தார்கள். ‘தெருப் பசங்க கை பட்டாலே இப்படித்தான்’ என்று பண்ணை வீட்டில் பேசிக்கொண்டதாகவும் கேள்வி.

தெரு இரண்டு கட்சியாகிவிட்டது. ஏறியிருப்பாள் என்பது நான். ஏறியிருக்கவே மாட்டாள் என்பது என் அம்மா.

“நோயில கெடக்குற அப்பனை வுட்டுட்டு எங்கடி போவா? அவ என்ன உன்னைய மாதிரி பஸ்ஸைக் கண்டாலே ஓடுறவளா?”

காலேஜ் நூலகத்தில் அந்த நாவல் முழுதாக இருந்தது. ஒருநாள் கையில்கூட எடுத்துவிட்டேன். ஆனால் அம்மா முன்பே சத்தியம் வாங்கியிருந்தாள். “நீ தெரிஞ்சுக்கிட்டு வந்தீன்னா உன் மூஞ்சியே சொல்லிப்புடும். தெரிஞ்சா எல்லாரும் ஒண்ணாத் தெரிஞ்சுக்கணும்.” புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அப்படிப்பட்ட சமயத்தில்தான் பாயின் நோட்டீஸ்.

அன்று நான் காலேஜுக்குப் போகவில்லை. நோட்டீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு வயல் வரப்பு வழியாகத் தெருவுக்கே ஓடினேன். சாயங்காலத்துக்குள் நாடகத்தில் நிஜக் கப்பலே வருகிறது என்று பேச்சாகிவிட்டது. டீக்கடை பெஞ்சில் ஒருவர், கப்பலை ரயிலில் ஏற்றித்தான் கொண்டுவருவார்கள், அதனால்தான் ஸ்டேஷன் பக்கத்து வயலில் கொட்டகை போடுகிறார்கள் என்று காரணமே சொன்னார். கதாநாயகி மைக் இல்லாமலே மூன்று வயல் தாண்டிக் கேட்கப் பாடுவாள் என்றார் இன்னொருவர். பாட்டு ஒன்றும் யாருக்கும் தெரியாது. அதற்குள் மெட்டு மட்டும் நாலைந்து உலவியது.

பாய் ஒரு தப்பு செய்திருந்தார். பொங்கல் தாண்டினால் ஸ்டேஷன் பக்கத்து வயல் அறுத்துத் தரிசாகக் கிடக்கும் என்பது வருஷா வருஷம் அவர் கண்ணால் பார்த்தது. அந்தக் கணக்கில் வயலுக்குச் சொந்தக்காரரான பண்ணையாரிடம் வாடகை பேசிவிட்டார். அந்த வருஷம் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் மிராசுதார்களுக்கும் கூலிப் பேச்சு முறிந்து கிடந்ததை அவர் கேள்விப்பட்டிருந்தார். ஆனால் அதையும் தன் நாடகத்தையும் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை. நாள் நெருங்கியபோது வயலில் கதிர் தலை சாய்ந்து நின்றது. கூலி முடிவாகாமல் அரிவாள் இறங்காது என்று சங்கம் சொல்லிவிட்டது. பண்ணையார் தெற்கேயிருந்து ஆள் கொண்டுவரப்போவதாகச் சொல்லி அனுப்பினார்.

வெளியாள் இறங்கினால் என்ன நடக்கும் என்று எங்கள் ஜில்லாவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரிசர்வ் போலீஸ் வேன் ஒன்று ரயில் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றுவிட்டது. ஆட்சி மாறியபோது இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்துத் தெருவே பட்டாசு வெடித்திருந்தது. ஒன்றும் தீரவில்லை என்பது அந்த வேனைப் பார்த்தாலே தெரிந்தது.

எங்கள் தெருப் பெண்களின் அறுப்பு வரிசைக்கு அம்மாதான் முதல் ஆள். அவள் குனிந்தால்தான் மற்றவர்கள் குனிவார்கள். பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“யக்கா, உங்க சண்டையில நான் எங்கக்கா வந்தேன்?”

“நீங்க வரலீங்க பாய். உங்க கொட்டாய்தான் சண்டைக்கு நடுவுல வந்து நிக்கிது.”

“வெளியாளை வச்சு அறுத்துக் குடுக்குறேங்கிறாரு.”

“குடுக்கட்டும். அந்த வயல்ல எங்க தெருவு ஒரு ஆளு உக்காராது. நானும் உக்கார மாட்டேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாடகத்துக்காக என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் அடுப்புப் புகை என்றேன். அடுப்பு எரியவே இல்லை. அம்மா என்னையும் பார்த்தாள், பாயையும் பார்த்தாள். அவளுக்கும் ஆசைதான். அந்தப் பலகைப் பாலத்துக் காலைப் பற்றி என்னைவிட அதிகம் பேசியவள் அவள்.

இங்கே எங்கள் பக்கத்து வேலை முறையைச் சொல்ல வேண்டும். அறுக்கிறவர்களே கட்டுக் கட்டி, தலையில் சுமந்து, களத்துக்குக் கொண்டுபோய், கதிரடித்து, அங்கேயே நெல்லாகக் கூலி வாங்குவார்கள். வயலில் கூலி கிடையாது. களத்தில் கட்டு இறங்கினால்தான் அறுப்பு முடிந்ததாகக் கணக்கு.

“அறுத்துக் குடுக்குறோம்” என்றாள் அம்மா. “கட்டு களத்துக்குப் போவாது. வாய்க்கா ஓரத்துல அடுக்கிருவோம். கூலி முடிவான அன்னிக்கித்தான் தூக்குவோம்.”

சங்கத்தில் முணுமுணுத்தார்கள். அறுத்தால் அறுத்ததுதானே என்றார் ஒருவர். “அடிக்காத நெல்லை அவரு என்ன பண்ணுவாரு, ஊறுகா போடுவாரா?” என்று அம்மா கேட்டதும் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். பண்ணையாரும் ஒத்துக்கொண்டார். பாதி வேலையாவது ஆகிறதே என்று நினைத்திருப்பார்.

சின்ன வயல்தான். ஒரே காலையில் அறுத்தார்கள். பாய் வரப்பில் நின்றுகொண்டு, “அடியொட்ட அறுங்க தாயி, ஜனங்க உக்காரணும், குத்தும்” என்று கத்திக்கொண்டே இருந்தார். “உங்க சைக்கிளுக்கு நாங்க வந்து காத்தடிக்கச் சொல்லித் தாரோமா?” என்று பெண்கள் கேட்டபின்தான் போனார். கட்டுகளை அடுக்கியதும் பண்ணையின் ஆட்கள் இரண்டு பேர் காவலுக்கு நின்றார்கள். அவர்களைக் காவல் காக்கச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள்.

நாடகத்தைப் பொழுது சாயும் முன்னமே தொடங்கிச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று போலீசில் உத்தரவு. கூட்டம் என்றால் அப்போது அவ்வளவு பயம். அதனால் ஜனங்கள் மத்தியானமே வந்து இடம் பிடித்தார்கள். கும்பகோணத்திலிருந்துகூட வந்திருந்தார்கள். மேடைக்கு மட்டும்தான் கூரை, ஜனங்களுக்குத் திறந்த வெளி. முன்னால் நாற்காலிகளில் பண்ணையார் குடும்பம், தாசில்தார் குடும்பம். பின்னால் அறுத்த நெல் தாளில் நாங்கள். நடுவில் ஒரு கயிறு.

திரை விலகியது. கதாநாயகிக்கு நாற்பது வயதிருக்கும்.

“என்னைய விட மூத்தவடி இவ” என்றாள் அம்மா.

“பேசாமப் பாரும்மா.”

முதல் பாட்டு முடிந்தபின் அம்மா வயதைப் பற்றிப் பேசவில்லை. உப்பு வாருகிற பாட்டில் கை அசைகிற தாளத்தை எங்கள் பெண்கள் உடனே பிடித்துக்கொண்டு மடியில் தட்டினார்கள். நாவலில் இல்லாத ஒரு கோமாளியை எதற்குச் சேர்த்தார்கள் என்று நான் பல்லைக் கடித்தேன். மற்ற எல்லோரும் அவனுக்குத்தான் சிரித்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. கப்பலும் வந்தது. துணியில் வரைந்த கப்பல். பாயின் கடைச் சக்கரங்களில் உருண்டு, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து வந்தாலும், கூட்டம் மூச்சே விடவில்லை. பலகைப் பாலம் இறங்கியது. அவள் மூட்டையோடு வந்து ஒரு காலைத் தூக்கி வைத்தாள்.

என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

தை மாசத்தில் மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. அத்தனை தலையும் ஒரே சமயத்தில் மேலே பார்த்தது. பிறகு ஒரே சமயத்தில் வாய்க்கால் பக்கம் திரும்பியது. மேடையை யாரும் பார்க்கவில்லை. கயிறு எப்போது அறுந்தது என்றே தெரியவில்லை. எங்கள் தெரு, நாற்காலிக்காரர்கள், காவலுக்கு நின்ற நான்கு பேர், எல்லோரும் கட்டுகளிடம் நின்றோம். அக்கம்பக்கத்தில் இருந்த ஒரே பெரிய தார்ப்பாய் மேடைக் கூரைமேல் கிடந்தது.

பண்ணையார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். “களத்துக்குத் தூக்குங்க! அங்க கொட்டகை தொறந்துதான் கெடக்கு!”

“களத்துக்குப் போவாதுங்கய்யா” என்றாள் அம்மா.

“நெல்லு நனையுது!”

“தெரியுதுங்க. கூலியைச் சொல்லுங்க, தூக்குறோம்.”

இரண்டு பேரும் நனைந்துகொண்டு நின்றார்கள். தூறல் வலுத்தது. நனைந்த கதிர் கட்டிலேயே முளைவிடும். அது இரண்டு பேருக்கும் தெரியும். அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்த வெளியில் நனையாத இடம் ஒன்றுதான் இருந்தது.

“மேடைக்குத் தூக்கு!”

ஒருவரும் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. கட்டுகள் தலைதலையாகப் போய் மேடையில் விழுந்தன. “திரை! என் திரை!” என்று பாய் ஓடினார். கோமாளி வேஷக்காரர் குல்லாயோடு ஒரு மூலையில் ஒதுங்கினார். ஆர்மோனியத்தை ஒருவர் சட்டையைக் கழற்றி மூடினார். பண்ணையாரே இரண்டு கட்டு தூக்கினார். கப்பல் இருந்த இடத்தில் நெற்போர் எழுந்து கூரைக் கழியைத் தொட்டது. நானும் தூக்கினேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படி ஓடியதில்லை.

எல்லாம் ஏறிய பிறகு, மீதி இருந்த இடத்தில் நாங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். அம்மா கதாநாயகியிடம் கேட்டாள். “ஏங்க, அவ ஏறினாளா, இல்லையா?”

“கப்பல் உங்க கட்டுக்கு அடியில கெடக்குக்கா. அது இல்லாம நான் எதுல ஏறுறது?”

“வாயால சொல்லிப்புடேம்மா” என்றார் பண்ணையார். “எங்க வீட்டுப் புள்ளைங்க இதுக்காகத்தான் வந்துதுங்க. லைப்ரரி புஸ்தகத்துல கடைசிப் பக்கமே இல்ல.”

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். “நீங்க கிழிக்கலீங்களா?”

“நாங்க ஏன் கிழிக்கிறோம்? உங்க தெருவுல யாரோன்னுல்ல…”

“வாயால சொல்லாதீங்க” என்றாள் அம்மா கதாநாயகியிடம். “பாட்டா வரட்டும்.”

மறுநாளும் வயல் சேறாகவே இருந்தது. மேடையைப் பிரிக்க முடியவில்லை. கட்டுகளை எடுக்காமல் கப்பலை எடுக்க முடியாது. கப்பலை எடுக்காமல் நாடகக் கம்பெனி அடுத்த ஊருக்குப் போக முடியாது. கூலி முடிவாகாமல் கட்டு நகராது. பாய் சைக்கிளில் தாலுகா ஆபீசுக்கும் பண்ணை வீட்டுக்கும் எங்கள் தெருவுக்குமாக அலைந்தார். கடைசியில் தாசில்தார் மேடைக்கே வந்து, கட்டுகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு இரண்டு தரப்பையும் உட்கார வைத்தார். கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாக, போன வருஷத்தைவிடக் கூடுதலாகக் கூலி முடிவாயிற்று. கதையின் முடிவைத் தெரிந்துகொள்ளும் அவசரத்தில்தான் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்று பாய் சொல்வார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஈரக் கட்டு அதிக நாள் தாங்காது. அதுதான் காரணம்.

அடுத்த நாள் காலையில் கட்டுகளை மேடையிலிருந்து இறக்கினார்கள். போர் குறையக் குறையக் கப்பலின் கொடி தெரிந்தது, பிறகு பாய்மரம். ஒரு சக்கரம் நெளிந்திருந்தது. கம்பெனிக்காரர்கள் வேஷம்கூடப் போடவில்லை. கதாநாயகி சாதாரணச் சேலையில் மூட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆர்மோனியம் ஈரத்தில் ஒரு சுரக்கட்டையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப் பேர் அங்கே இல்லை. இருந்தவர்கள் தலையில் கட்டோடு நின்றார்கள்.

அம்மாவின் தலையில் கடைசிக் கட்டு. இறக்கி வைக்கச் சொன்னேன். கேட்கவில்லை. கதாநாயகி பலகைப் பாலத்தில் காலை வைத்துப் பாடினாள். பாட்டில் அப்பாவுக்கு ஒரு அடி, தம்பிகளுக்கு ஒரு அடி, உப்புக்கு ஒரு அடி. பாட்டு முடிந்ததும் மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டு ஏறிவிட்டாள்.

நான் ஜெயித்துவிட்டேன். அதைச் சொல்லிக்காட்ட அம்மாவின் பக்கம் திரும்பினேன். கழுத்து அசையாமல், கட்டுக்குக் கீழிருந்து கண்ணை மட்டும் உயர்த்தி, அவள் கப்பல் உருண்டு மறைகிறவரை பார்த்தாள்.

“ஏறிப்புட்டா” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நிக்கிறியே, உனக்கு பஸ்ஸுக்கு நேரமாவல?” என்று கேட்டுவிட்டுக் களத்தைப் பார்க்க நடந்தாள்.