ஆலைக்குளத்து எலெக்ட்ரான்

மலேசியாவின் நிபோங் திபாலில் செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பின்னால் ஒரு கழிவுநீர்க் குளம் உண்டு. தண்ணீர் கருஞ்சிவப்பு, நாற்றமோ குடலைப் புரட்டும். அந்தப் பக்கமே போகாதே என்று ஊரே சொல்லியும், சுபாஷினி அதிலிருந்துதான் தன் ஆராய்ச்சிக்கான பாக்டீரியாவை அள்ளி வந்தாள். சொன்னால் கேட்கிற பெண்ணா அவள்!

அந்தச் சிவப்பு, பாக்டீரியாவின் நிறம்தான். வெயிலைத் தின்று பிழைக்கும் உயிர். ஒளி பட்டதும் அதனுள்ளே ஓர் எலெக்ட்ரான் துள்ளி ஓடும். ஓட இரண்டு பாதைகள், ஏறக்குறைய ஒன்றுபோலவே. ஆனாலும் ஒன்றில்தான் ஓடும், மற்றது சும்மா கிடக்கும் என்கிறது பாடப்புத்தகம்.

பினாங்குத் தீவில், பல்கலைக்கழக இருட்டறையில், சுபாஷினி லேசரை மின்னவிட்டு பாக்டீரியாவின் நிறமாற்றத்தை அளந்தாள். ஒரு விநாடியை லட்சம் கோடியாகக் கூறுபோட்டால் வருகிற சில துளிகளுக்குள் எல்லாம் முடிந்துவிடும். அவளுடைய குளத்துப் பாக்டீரியாவில் சில எலெக்ட்ரான்கள் அந்தச் சும்மா கிடந்த பாதையிலும் ஓடின. வரைபடத்தில் ஒரு சிறு மேடு, அவ்வளவுதான். அதற்காக அவள் யாரோடும் மல்லுக்கு நிற்பாள்.

நிற்கவும் வேண்டி வந்தது. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த மேட்டின் மேல் விரலை வைத்தார். நிறமி சிதைந்து கலந்திருக்கும், வேறொன்றுமில்லை என்றார்.

"அப்படின்னா, சூடாக்கிக் கெடுத்த சாம்பிள்ல இன்னும் பெருசா தெரியணும் சார். அதுல ஒண்ணுமே இல்ல."

"கடுங்குளிரில் உறையவைத்து அளந்தீர்களா?"

அளக்கவில்லை. உறைந்த குளிரில்தான் அந்த மேடு உண்மையா, சிதைந்த நிறமியின் கலப்பா என்று பிரித்துப் பார்க்க முடியும். அதற்கான கருவி அவள் கைக்குக் கிடைக்கவே இல்லை. மனுஷன் கெட்டவர் இல்லை, சரியான ஓட்டையைத்தான் பிடித்துவிட்டார். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் இன்றே தேர்ச்சி. வைத்துக்கொண்டால், குளிரிலும் அளந்து மறுபடி தேர்வுக்கு வர வேண்டும். மேடு காணாமல் போனால் பட்டமும் போகும். இப்படிச் சொல்லி யோசிக்க அனுப்பினார்.

வராந்தாவில் அவளுடைய மேற்பார்வையாளர் நவமணி கையைப் பிடித்துக்கொண்டார். "சுபா, பிடிவாதம் வேணாம்மா. ஒரு சாப்டர்தானே, தூக்கிடு. ஸ்காலர்ஷிப்பும் முடிஞ்சிருச்சி. பாஸ் பண்ணிட்டு அப்புறம் பாத்துக்கலாம்லா."

"தூக்கிட்டா, அது இல்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் டாக்டர். நான் பாத்தேன்."

உள்ளே போனாள். "எடுக்க மாட்டேன் சார்" என்றாள்.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். சின்னையா அதே ஆலைக்குச் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர். அவள் வாயைத் திறக்கும் முன்பே அவர் உற்சாகமாகக் கத்தினார்: "வீட்டு கேட்டுல பேனர் கட்டிட்டேன்மா! 'டாக்டர் சுபாஷினி சின்னையா'ன்னு, ரோட்லேருந்தே தெரியுது!"

சுபாஷினிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "எறக்கிடுங்கப்பா. எல்லாரும் சிரிப்பாங்க."

லோரியின் உறுமல் அடங்கியது; அப்பா ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

"நீ பாத்தது நெசமா?"

"நெசம்ப்பா."

"அப்ப எதுக்கு எறக்கணும்? தொங்கட்டும். சிரிக்கிறவனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ போயி அந்தக் குளிர் மெஷினத் தேடு."