பொட்டு ஒட்டிய மூலை

மகளின் வலது கை விரல்களைத் தினமும் மாலையில் மடிக்கணினியில் பார்ப்பேன். பெங்களூரில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவளுக்குக் கட்டுப் பிரித்த பிறகும் மோதிர விரல் மடங்கவில்லை. கேட்டால் "நல்லா இருக்கும்மா" என்றுதான் சொல்வாள். போனின் சின்னத் திரையில் அந்த விரல் என் கண்ணுக்குப் பிடிபடாது.

அவளை அழைக்கும்போது தடுமாறாமல் இருக்க, மடிக்கணினித் திரையின் இடது கீழ்மூலை விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தேன். அதற்கு மேலே அழுத்தினால் பட்டியல் விரியும். அதில் முதலாவது வீடியோ அழைப்பு.

சென்ற வாரம் நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில், புதிய பதிப்புக்கு மாறட்டுமா என்று கணினி கேட்டிருக்கிறது. என் கணவர் சம்மதம் கொடுத்துவிட்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விட்டார். மாலையில் திறந்தால் எல்லாமே வேறாக இருந்தது. பொட்டுக்கு மேலே அழுத்தினேன். 'லேசான மழை' என்று வானிலை வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் மழை.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் எட்டிப் பார்த்தார். "மழைய ஜன்னல்ல பார்த்தா தெரியாதாட்டி?"

"நீங்க ஏன் சரின்னு அமுக்குனீய?"

"அது மரியாதையா கேட்டுச்சு."

மகளுக்குப் போன் போட்டேன். "எல்லாம் அழிஞ்சு போச்சுட்டி. ஒன் கைய எப்படிப் பார்ப்பேன்?"

"ஒண்ணும் அழியலம்மா. கீழ நடுவுல பாரு, நீலமா நாலு கட்டம் இருக்கும்."

"பொட்டு இங்கன மூலையிலல்லா இருக்கு."

"பொட்டு அங்கனதான் இருக்கும். பட்டன்தான் நடுவுக்குப் போயிட்டு." சிரித்தாள். "நான் மவுஸ இடது கைக்கு மாத்திட்டு ஆபீஸ் வேலையே பாக்குதேன். ஒனக்கு ஒரு பட்டன் நகந்ததுக்கு இம்புட்டு பயமா?"

இடது கையால் வேலை பார்ப்பதை அவள் அதுவரை என்னிடம் சொல்லவில்லை. நடுவில் அழுத்தினேன். பட்டியலும் மாறியிருந்தது. அவள் சொல்லச் சொல்லத் தேடினேன். திரை ஒருமுறை கறுத்து, பிறகு அவள் முகம் வந்தது.

"மூஞ்சி இருக்கட்டும். கையக் காட்டு."

கையை மேசைமேல் வைத்து மெதுவாக மூடினாள். மற்ற விரல்கள் உள்ளங்கையில் படிந்தன. முந்தைய வாரம் விறைத்து நின்ற மோதிர விரல் வளைந்து வளைந்து இறங்கி, அரிசி மணி அளவு இடைவெளியில் நின்றது. எனக்குப் பின்னால் நின்றிருந்த கணவரும், ஈரத் துண்டோடு, தன் கையை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் தொட்டுரும்மா," என்றாள்.

பொட்டை நான் எடுக்கவில்லை. இப்போதும் விரல் முதலில் அங்கேதான் போகிறது. மழை வருமா என்று பார்த்துக்கொண்டு நடுவுக்கு வருகிறேன்.