கூடாரத்தின் மேல் சிவப்புக் குறி

சாரல் காலத்தில் எங்கள் குத்துக்கல்வலசை வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் எது மலை, எது மேகம் என்று சொல்ல முடியாது. துணி காயாது, அப்பளம் நமத்துப் போகும், எல்லாருக்கும் எந்நேரமும் தூக்கம் தூக்கமாக வரும். அப்படி ஒரு சாரலில்தான் மாமா விடுப்பில் வந்தார். ராணுவத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். கீழப்பாவூரில் சொந்த வீடு இருந்தும், அங்கே கேள்வி கேட்க ஆள் அதிகம் என்று அக்கா வீடான எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். இங்கே யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்று அம்மா முன்கூட்டியே மிரட்டி வைத்திருந்தாள். கேட்காமலேயே தெரிந்தது இவ்வளவுதான்: அடிபட்ட ஒருவரை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் மாமாவின் வண்டியையே யாரோ சுட்டிருக்கிறார்கள். மாமாவுக்குத் தோளில் காயம். வண்டியில் இருந்த அந்த ஆள் பிழைக்கவில்லை.

முன்பெல்லாம் மாமா வந்தால் தெருமுனையிலேயே சிரிப்புச் சத்தம் கேட்கும். இந்தத் தடவை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்தருவியில் நல்ல தண்ணீர் என்று அப்பா குளிக்கக் கூப்பிட்டதற்கும், காயம் நனையக்கூடாது என்று சொல்லிவிட்டார். தம்பி ஒரு தடவை சிரித்துவிட மாட்டானா என்று அம்மா செய்யாத பலகாரம் இல்லை.

எனக்கோ வேறு கவலை. விளையாட ஜோடி இல்லை. பத்தாம் வகுப்புக்குப் போனதிலிருந்து அண்ணன் பெரிய மனுஷன் ஆகிவிட்டான். அதனால் மாமாவின் போனில் என்னுடைய சண்டை விளையாட்டை நானே ஏற்றிக் கொடுத்தேன். சண்டையில் அடிபட்டு வந்தவருக்குக் கொடுக்கிற பொருளா அது என்று யோசிக்கிற வயதில்லை.

விளையாட்டில் நானும் மாமாவும் இரண்டு சிப்பாய்கள். அங்கேயும் தூறிக்கொண்டேதான் இருக்கும். ஆளில்லாத ஊர், ஈரப் புல், தூரத்தில் மலை. எந்த மழை ஜன்னலுக்கு வெளியே பெய்கிறது, எந்த மழை கைக்குள் பெய்கிறது என்று சில மத்தியானங்களில் எனக்கே குழம்பிவிடும். ஒருவர் சுடப்பட்டு விழுந்தால் மற்றவர் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். ஊர்க்கோடியில் சிவப்புச் சிலுவைக் குறி போட்ட வெள்ளைக் கூடாரம் இருக்கும். உள்ளே மருந்துப் பெட்டி. தொட்டால் போதும், உயிர் நிரம்பிவிடும்.

மாமா யாரையும் சுட மாட்டார். நான் எப்போது விழுவேன் என்று காத்திருந்தவர் போலத் துப்பாக்கியை எறிந்துவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூடாரத்தைப் பார்த்து நடப்பார். வாசலில் வைத்து எங்கள் இருவரையும் யாராவது சுட்டுவிடுவார்கள். மறுபடி ஆரம்பிப்போம். மறுபடியும் அதே வாசல். எனக்கு எரிச்சலாக வரும்.

“மாமா, அங்கன போவாதிய. எல்லாவனும் அங்கனதான் ஒளிஞ்சிருப்பான்.”

“அதெப்படிட்டி? மேல குறி போட்டிருக்குல்லா?”

“குறி இருக்கதாலதான மாமா வருதானுவோ. அடிபட்டவங்க அங்கனதான வந்தாகணும். லேசாச் சுட்டுறலாம்.”

மாமா போனை மடியில் கவிழ்த்து வைத்தார். “சுடக்கூடாதுன்னுதான்ட்டி அந்தக் குறி,” என்றார், என்னிடம் இல்லை, மேகத்திடம். இந்த விளையாட்டில் அப்படியொரு விதியே கிடையாதே என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் என்னைச் சுமந்துகொண்டு அங்கேதான் போனார். ஜெயிப்பது அவருக்குப் பொருட்டில்லை. ஒரே ஒரு தடவை என்னை உயிரோடு உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு அப்டேட் ஆனது. கூடாரம் அதே இடத்தில் இருந்தது. சிவப்புச் சிலுவை இருந்த இடத்தில் மட்டும் ஒரு பச்சை இலை. மாமா என்னைத் தோளில் போட்டபடி வாசலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டார்.

“ஏட்டி, குறிய எங்க?”

அண்ணன்தான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பதில் சொன்னான். “அத எடுத்துட்டானுவோ மாமா. வெளையாட்டுலல்லாம் போடக்கூடாதாம். நெசச் சண்டையில ஆஸ்பத்திரிக்கும் ஆம்புலன்ஸுக்கும் உள்ளதாம். சட்டமே இருக்காம்.”

மாமா அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சாரல் கொஞ்சம் விட்டிருந்தது.

“அப்பம் இது சும்மா வெளையாட்டு,” என்றார்.

“அதத்தான மாமா நானும் அன்னைலேருந்து சொல்லுதேன்,” என்றேன்.

அவர் வாசலைப் பார்த்து நடந்தார். வழக்கம்போல வாசலில் வைத்து எங்கள் இருவரையும் சுட்டார்கள்.

மாமா சிரித்தார். முதலில் மூக்கால் ஒரு சின்னச் சத்தம். பிறகு உடம்பே குலுங்க, வலித்த தோளை மறுகையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எலையப் போட்டாலும் சுடுதானுவளேட்டி!”

அடுக்களையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். மாமாவைப் பார்த்தவள், அப்படியே சுவரில் சாய்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தோற்றது நாங்கள், அழுவது அம்மா. பாவம், தோற்றுவிட்டோமே என்றுதான் அழுகிறாள் என்று முடிவுகட்டி, போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

“அழாதம்மா. அடுத்த ஆட்டத்துல ஜெயிச்சிருவோம்.”