முதல் விரிசலில் நிறுத்தினேன்

ஈப்போவில் கான்கிரீட் சோதனைக் கூடத்தில் இருபது வருடமாக எனக்கு ஒரே வேலை. கான்கிரீட் துண்டை இயந்திரத்தில் வைத்து அழுத்துவேன், விரிசல் கண்டதும் நிறுத்துவேன், தாளில் எழுதுவேன். இதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பும் உண்டு.

ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி கையகலத்தில் இரண்டு முழ நீளப் பலகைகள் மூன்றை ஒப்படைத்துவிட்டு, தஞ்சோங் மாலிமிலுள்ள தன் ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கிளம்பினாள். சிமெண்டைப் பாதியாகக் குறைத்து, சுட்ட வெள்ளைக் களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்து, மெல்லிய இழைகள் கலந்து வார்த்தவை. உடையாமல் வளையுமாம்.

"இது தேறலைன்னா களிமண்ண விட்டுட்டு மேலிடத்துல சிமெண்டுக்கே போகச் சொல்லிட்டாங்கண்ணே."

சோதிக்கும் முறையை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். எனக்கே பாடமா என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றிலும் மயிரிழையாக ஒரு விரிசல் விழுந்தது. மூன்றையும் அங்கேயே நிறுத்தி, 'தோல்வி' என்று எழுதினேன். இரண்டைச் சுத்தியலால் அடித்தால் லேசில் உடையவில்லை. திட்டிக்கொண்டே உடைத்துக் குப்பையில் போட்டேன். மூன்றாவது வீட்டுக்கு வந்தது. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு எதையும் எறிய மனம் வராது. வாசல் சாக்கடைக்குக் குறுக்கே போட்டு அதன்மேல் மோட்டார் சைக்கிளை ஏற்றி இறக்கினேன்.

ஒரே வாரத்தில் அது கயிற்றுக் கட்டில் போலத் தொய்ந்தது. குனிந்து பார்த்தால் அடியெல்லாம் எண்ணமுடியாத விரிசல்கள். ஆனால் உடையவில்லை. ஒரு விரிசலுக்கே செத்தது என்று நான் எழுதிக்கொடுத்த பொருள் இது. ஒன்றும் பிடிபடவில்லை, உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது.

மறுநாள் தஞ்சோங் மாலிமுக்கே போனேன். அவள் களிமண்ணைத் திருப்பி அனுப்ப மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நேரே என் வீட்டுக்கு வந்து சாக்கடையோரம் குந்தினாள்.

"எப்பண்ணே நிப்பாட்டுனீங்க?"

"மொத விரிசல்லதான் மிஸ். எப்பவும் அப்படித்தானே லா."

"அதுக்கப்புறந்தாண்ணே இது வேலையே செய்ய ஆரம்பிக்கும். விரிசல இழைங்க பிடிச்சுக்கும், பாரம் பல சின்ன விரிசலா பிரிஞ்சு போகும். தாள்ல எழுதியிருந்தேனே. மத்த ரெண்டும் எங்க?"

குப்பை லோரி அள்ளிப்போய் மூன்று நாளாகியிருந்தது. வெட்கத்தோடு அதைச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். சேற்றோடு பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதக் காட்டி இன்னொரு வாட்டி வார்க்க விடுங்கன்னு கேக்குறேன். நீங்கதான் அழுத்தணும். நான் சொல்ற வரைக்கும் நிப்பாட்டுற பொத்தான் பக்கம் கை போகக்கூடாது."

கூடத்துக்குத் திரும்பி, என் தாளில் 'தோல்வி'யைக் கோடு போட்டு அடித்தேன். அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.