காற்றில் அரிக்கும் இடம்

லாட்ஜ் ரிசப்ஷனில் இருப்பவனுக்கு ஆளை எடைபோட முகம் போதும் என்பார்கள். திருப்பதியில் புருவத்தையும் பார்க்கவேண்டும். கவுன்டருக்குப் பின்னால் இடுப்பொடியும் என் இனத்தாரே, காரணம் சொல்கிறேன். மலையில் போட்ட மொட்டைக்குப் புருவம் இருக்கும். ஆஸ்பத்திரி மருந்தில் கொட்டிய மொட்டைக்கு அதுவும் இருக்காது. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது கண்ணாடிதான். போன வருடம் என் இடது மார்பில் கட்டி வந்தது, மார்பகப் புற்றுநோய். ஆண்களுக்கும் வரும், பிழைத்தவர்களும் இருக்கிறார்கள் என்றார் டாக்டர். அப்படி ஒருத்தரையாவது கண்ணால் பார்க்கமாட்டோமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

யார் பேஷண்ட்?

ஸ்கேனுக்கு மனைவியோடு போயிருந்தேன். காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். கதவைத் திறந்த நர்ஸம்மா என்னைத் தாண்டிப் பார்த்து, என் மனைவியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்தார். "நான்தான் பேஷண்ட்" என்றேன். யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. செத்துப்போனது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேனோ என்று தோன்றியது. எழுந்து அவர்கள் பின்னாலேயே போனேன். நர்ஸம்மா திரும்பிச் சொன்னார்: "பேஷண்ட் மட்டும் வந்தா போதும் சார், நீங்க அங்கயே உக்காருங்க."

தரிசனம் ஆச்சா?

முடி கொட்டிய பிறகு வேலைக்குத் திரும்பினேன். இந்த ஊரில் மொட்டைத்தலையைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. தரிசனம் நன்றாக ஆனதா என்றுதான் கேட்பார்கள். ஆச்சு ஆச்சு என்று சமாளிப்பேன். வேலூர்க்கார அம்மா ஒருவர் அப்படித்தான் சிரித்தபடி வந்தார். சாவியை நீட்டினேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எது குறைகிறது என்று புரியாமல் என் முகத்தையே பார்த்தார். சாவியை வாங்காமல் ஓரடி பின்னால் போய்ச் சொன்னார்: "மொட்டை நல்லாத்தான் கீது நைனா, மூஞ்சிதான் இன்னாவோ அழிச்ச மாதிரி கீது."

அங்கே யார்?

ஆபரேஷனில் கட்டியோடு மார்புக்காம்பையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். பிறகுதான் அந்த இல்லாத காம்பு அரிக்க ஆரம்பித்தது. தழும்பைச் சொறிந்தால் அடங்காது. அரிப்பு தோலில் இல்லை. சட்டைக்கு ஒரு விரற்கடை வெளியே, காற்றில். நரம்பு செய்கிற வேலை என்றார் டாக்டர். சரி என்று காற்றைச் சொறிந்து பார்த்தேன். என் கைக்கு அடங்கவில்லை. ரூம்களைப் பார்த்துக்கொள்ளும் முனுசாமி விளக்குமாற்றோடு நின்றுவிட்டான். "அண்ணா, யாரையோ சொறிஞ்சி வுட்டுக்கினு கீறியே, அங்க யாரு நிக்கிறாங்க?"

ஸ்ரீ சிட்டிக்காரர்

போன மாதம் ஸ்ரீ சிட்டி கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் மலையிலிருந்து இறங்கி வந்து ரூம் கேட்டார். மொட்டையில் சந்தனம், புருவம் அடர்த்தி. சந்தேகமில்லை, மலை மொட்டை. அந்த நேரம் பார்த்து எனக்கு அரித்தது. கை தன்னால் காற்றுக்குப் போனது. அவர் சிரிக்கவில்லை. ஒன்றும் கேட்காமல் கவுன்டருக்கு மேலே கையை நீட்டி, என் சட்டையைத் தொடாமல், சரியாக அந்த இடத்தில் காற்றைச் சொறிந்தார். அரிப்பு அடங்கியது. அவர் தன் சட்டையின் இரண்டு பொத்தான்களைக் கழற்றினார். இடது பக்கம் என்னுடையதைப் போலவே தட்டையாக, வெளுத்துப்போன பழைய தழும்பு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அப்போ மருந்துல கொட்டுன முடி திரும்ப மொளைச்சா வருசா வருசம் அவனுக்கேன்னு வேண்டிக்கினேன், குடுத்துக்கினேதான் கீறேன், அரிப்புதான் இன்னும் போவல."

இப்போதெல்லாம் வேலை நேரத்தில் காற்றைச் சொறிகிறேன் என்று முதலாளி முறைக்கிறார். உயிரோடு இருக்கிறவனுக்கு வேலை கொஞ்சம் அதிகம் என்று அவருக்கு யார் சொல்வது?